போத்து நட்டுச் செடி பெருக்குதல்

காவிரியின் அக்கரையில் பரமத்தி வேலூர்ப் பக்கம் சென்றால் வெற்றிலைக் கொடிக்கால்களைக் காணலாம். அகத்தி நிழலில், ஈரம் காயாத பாத்திகளில், கொடிகள் செழித்துப் படர்ந்திருக்கும். கொடுமுடியிலிருந்து மேற்கே காங்கயம் நாட்டுப் பக்கம் சென்றால் காட்சி முற்றிலும் மாறிவிடும். அங்கே கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை வேலி நிற்கும். மழை பொய்த்த ஆண்டிலும் அது எளிதில் சாவதில்லை. வெற்றிலைக்கொடி ஈரம் இல்லாவிடில் வாடும். கிளுவை ஈரம் மிகுந்தால் அழுகும். இயல்பால் இவ்வளவு மாறுபட்ட இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டையும் நம்மவர்கள் விதையிட்டு வளர்ப்பதில்லை. தாய்ச்செடியிலிருந்து ஒரு துண்டை வெட்டி நட்டே உண்டாக்குகிறார்கள்.

அத்துண்டுக்குப் பயிருக்குப் பயிர் வேறு பெயர். முருங்கையில் போத்து, மல்பெரியிலும் மரவள்ளியிலும் குச்சி, கரும்பில் கரணை, வெற்றிலையில் விதைக்கொடி. பெயர் எதுவாயினும் தொழில் ஒன்றே. இத்தொழிலுக்குப் பெரு நிலமும் வேண்டுவதில்லை, பெரு முதலும் வேண்டுவதில்லை. தறிக்குழிக்கு அப்பால் நான்கு முழ வாசலே உள்ள நெசவாளர் வீட்டிலும் செய்யலாம். காலிங்கராயன் வாய்க்கால் பாயும் தோட்டத்திலும் செய்யலாம். ஆயினும் நட்ட குச்சிகளில் பல கருகிப்போவதையும், பிழைத்தவற்றில் சில நோயைக் கொண்டுவந்து சேர்ப்பதையும் நாம் கண்டு வருகிறோம். இவ்விரு நஷ்டங்களும் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியவையே. அதற்குரிய காரணங்களையும் முறைகளையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

போத்து என்பது யாது?

விதை என்பது தாயும் தந்தையும் கலந்து பிறந்த பிள்ளை. அது தாயைப் போல் இருக்கலாம், தந்தையைப் போல் இருக்கலாம், இருவரையும் போலல்லாமலும் இருக்கலாம். போத்தோ தாயின் உடலில் ஒரு பகுதி. ஒரு செம்பருத்தியிலிருந்து நூறு குச்சிகள் எடுத்து நூறு வீடுகளில் நட்டாலும், நூறு வீட்டிலும் வளர்வது அந்த ஒரே செம்பருத்திதான். பூவின் நிறம் மாறாது. பூக்கும் பருவம் மாறாது. நோயைத் தாங்கும் ஆற்றலும் மாறாது.

இதனால் விளையும் நன்மையைக் கோயம்புத்தூர் நன்கு விளக்கிக் காட்டியுள்ளது. 1912-ஆம் ஆண்டு அங்கே நிறுவப்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பர் என்னும் அறிஞரும், டி. எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்னும் நற்கரும்பையும் தானாக வளரும் காட்டுக் கரும்பையும் கலந்து புது நாற்றுகளை உண்டாக்கினார்கள். அவ்வாறு பிறந்த கோ 205 என்னும் இரகம் 1918-இல் பஞ்சாப் உழவர்களுக்கு வழங்கப்பட்டது. தேர்ந்தெடுத்த நாற்று ஒன்றே. அதிலிருந்து கரணை, கரணையிலிருந்து கரும்பு, அக்கரும்பிலிருந்து மீண்டும் கரணை எனப் பெருக்கியே வயல்களை நிரப்பினார்கள். விதை போட்டிருந்தால் அந்த நற்குணம் அடுத்த தலைமுறையிலேயே சிதறிப் போயிருக்கும்.

இதே இயல்பால் தீமையும் விளையும். அதே நிலையத்தின் படைப்பான கோ 0238 என்னும் இரகம் 2009-இல் வெளியிடப்பட்டு, சில ஆண்டுகளில் உத்தரப் பிரதேசத்துக் கரும்பு நிலத்தின் பெரும்பகுதியைப் பிடித்தது. உழவரும் ஆலையும் ஒருங்கே பயன் பெற்றனர். பின்னர்ச் செவ்வழுகல் நோய் அதனைத் தாக்கியது. வயல் தோறும் நின்றது ஒரே தாயின் உடலாகையால், ஒரு வயலில் வெல்ல முடிந்த நோய் எல்லா வயலிலும் வென்றது. நோயுற்ற கரும்பில் வெட்டிய கரணை, நோயையும் உடன்கொண்டு சென்றது. பரந்த வயலுக்குப் பொருந்தும் இந்த உண்மை நம் வாசல் தொட்டிக்கும் பொருந்தும்.

வேர் எவ்வாறு உண்டாகிறது?

வெட்டிய குச்சிக்கு வேர் இல்லை. ஆயினும் அதன் இலைகள் வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. வரவு நின்றபின்னும் செலவு நிற்காத குடும்பத்தின் நிலை அது. கையிருப்பு தீர்வதற்குள் வேர் வந்துவிட்டால் குச்சி பிழைக்கும். வேர் வருவதற்குள் கையிருப்பு தீர்ந்துவிட்டால் கருகும். போத்து நடுவதற்கு முன்னோர் கண்ட முறைகளும், இன்றைய ஆராய்ச்சி சொல்லும் முறைகளும் இந்த ஒரு கணக்கில் அடங்கும்: நீர்ச் செலவைக் குறைக்க வேண்டும், வேர் வருவதை விரைவாக்க வேண்டும்.

பட்டையைச் சற்றே சுரண்டினால், பட்டைக்கும் உட்கட்டைக்கும் நடுவே வழுவழுப்பான மெல்லிய படலம் ஒன்று உண்டு. புதிய திசுக்கள் அங்கேதான் தோன்றுகின்றன. பெரும்பாலான செடிகளில் வேரும் அதை அடுத்தே கிளம்புகிறது. கொழுந்திலும் கண்களிலும் உற்பத்தியாகும் 'ஆக்சின்' என்னும் வளர்ச்சிப் பொருள் தண்டு வழியே கீழ்நோக்கி இறங்கி, வெட்டுவாயில் தங்கி, வேரைத் தூண்டுகிறது. இப்பொருளை ஹாலந்து நாட்டு அறிஞர் வென்ட் பிரித்தெடுத்துக் காட்டிய ஆராய்ச்சி 1928-இல் வெளிவந்தது. அதே வேலையைச் செய்யும் இன்டோல் பியூட்ரிக் அமிலத்தின் ஆற்றல் 1935-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. இன்று உரக்கடைகளில் விற்கும் வேர்ப்பொடியில் இருப்பது பெரும்பாலும் இதுவே.

ஆக்சின் கீழ்நோக்கியே இறங்குவதால், குச்சியைத் தலைகீழாக நட்டால் பெரும்பாலும் பயனிராது. இலை நீங்கிய குச்சியில் தலை எது, அடி எது என்று தெரியாமல் போவதுண்டு. ஆகவே வெட்டும்போதே அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டும் வழக்கத்தைக் கைக்கொள்ளுதல் நன்று.

கரும்புக்கு மேற்சொன்ன படலம் இல்லை. ஆனால் அதன் கணுவைச் சுற்றி வேர்முளைகள் புள்ளி புள்ளியாக முன்னரே அமைந்துள்ளன. வெற்றிலைக்கும் கணுவிலேயே வேர் உண்டு. தென்னைக்கும் பனைக்கும் அப்படலமும் இல்லை. கிளைக்கும் கண்ணும் இல்லை. ஆகவே அவற்றைப் போத்தாக நட முடியாது. கறிவேப்பிலைத் தண்டும் எளிதில் வேர் விடுவதில்லை. அதனைப் பழத்திலிருந்து எடுத்த புது விதையாலோ, தாய்மரத்தின் வேரிலிருந்து கிளம்பும் கன்றாலோ பெருக்குவதே வழி.

மூவகைப் போத்துகள்

முதல் வகை இளந்தண்டு. கற்பூரவல்லி, துளசி, மணி பிளான்ட், வெற்றிலை ஆகியவை இவ்வகை. கையிருப்புக் குறைவு, ஆனால் வேர் விரைவில் வரும். மூன்று நான்கு கணுக்களுடன் கிள்ளி நட்டால் இரண்டு மூன்று வாரங்களில் வேர் பிடிக்கும். வெயிலை இவை தாங்கமாட்டா. மணி பிளான்ட்டை நீர் நிறைத்த சீசாவிலேயே வேர்விடச் செய்யலாம். நீரை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

இரண்டாம் வகை அரைமுற்றல் தண்டு. செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, குரோட்டன், மல்லிகை முதலியன. வளைத்தால் சற்று வளைந்து, பின் ஒடியும் பருவமே தக்க பருவம். ஐந்தாறு அங்குல நீளம், மூன்று நான்கு கணுக்கள் போதும். அடியிலுள்ள இலைகளை நீக்கி, நுனியில் இரண்டு இலைகளை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கிவிட வேண்டும். இலை அறவே இல்லாவிடில் வேரைத் தூண்டும் பொருள் குறையும். மிகுதியாக இருந்தால் நீர்ச் செலவு கூடும். இவ்வகைக்கு வேர் வர ஒரு மாதம் முதல் இரண்டு மாதம் ஆகும். மல்லிகைக்கு வேர்ப்பொடி நல்ல துணை.

மூன்றாம் வகை முற்றிய தண்டு. மல்பெரி, மரவள்ளி, மருதாணி, காகிதப்பூ, முருங்கை, பூவரசு, கிளுவை ஆகியவை இதில் அடங்கும். மல்பெரிக்கு ஆறு முதல் எட்டு மாதம் வளர்ந்த, பென்சில் பருமனுள்ள கிளையில் மூன்று நான்கு கண்கள் கொண்ட குச்சி ஏற்றது. மரவள்ளிக்கு நடுத்தண்டில் அல்லது அடித்தண்டில் எட்டு முதல் பத்துக் கணுக்கள் உள்ள ஆறு அங்குலக் குச்சி வேண்டும். முருங்கைப் போத்து மூன்றடி நீளம் இருக்கலாம். முருங்கையும் கிளுவையும் சாறு மிகுந்தவை. வெட்டியவுடன் ஈர மண்ணில் புதைத்தால் வெட்டுவாய் அழுகும். சில நாட்கள் நிழலில் கிடத்தி, வெட்டுவாய் உலர்ந்தபின் நடுவதே முறை. இலையுதிர்ந்து, மறுபடி துளிர்க்குமுன் வெட்டினால் கையிருப்பு முழுவதும் தண்டிலேயே இருக்கும்.

தக்க பருவம்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பழமொழி. அது விதைக்குரியது. இலையுள்ள போத்துக்கு நம் பகுதியில் ஆடி ஏற்ற மாதமன்று. அப்போது பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் காற்று, கொங்கு நாட்டின் சமவெளியில் மழையைப் பெரிதும் தராமல் ஈரத்தைக் கவர்ந்து செல்கிறது. வேரற்ற குச்சியின் நீர்ச் செலவு அக்காற்றில் பல மடங்காகும். காற்று அடங்கி வானம் மேகம் போடும் புரட்டாசிக் கடைசி முதல் கார்த்திகை வரை இளந்தண்டுக்கும் அரைமுற்றலுக்கும் நல்ல காலம். பங்குனி, சித்திரை வெயிலில் நடவேண்டி நேர்ந்தால் நிழலும் மூடாக்கும் இல்லாமல் நடலாகாது.

நடும் முறை

1. தாய்ச்செடிக்கு முதல் நாள் மாலை நீர் பாய்ச்சுக. நீர் நிறைந்த தண்டில் கையிருப்பு மிகுதி.

2. விடியற்காலையில் வெட்டுக. கத்தி கூர்மையாகவும் சுத்தமாகவும் இருத்தல் அவசியம். மொட்டும் பூவும் இருந்தால் கிள்ளிவிடுக. அவை கையிருப்பை உண்பவை. அடிவெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே அமையட்டும்.

3. இலையுள்ள குச்சிகளை உடனே ஈரத்துணியில் சுற்றுக. நெசவாளர் வீட்டில் கழிவுப் பருத்தித் துணிக்குப் பஞ்சமில்லை. சாயம் போகும் துணி மட்டும் வேண்டாம்.

4. மணல் இரண்டு பங்கும், நன்கு கழுவிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கும் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நிரப்புக. மணல் கிடைக்காத இடத்தில் அரித்த செங்கற்பொடி உதவும். உரமோ சாணமோ இப்போது வேண்டாம். வேரில்லாத குச்சிக்கு உரத்தை உண்ண வாயில்லை. அழுகலுக்கே அது உணவாகும்.

5. ஒரு குச்சியால் துளையிட்டுப் போத்தை இறக்குக. நேரே குத்தினால் பட்டை உரியும். வேர்ப்பொடி தடவியிருந்தால் அதுவும் உதிரும். இரண்டு கணுக்களாவது மண்ணுக்குள் இருக்கட்டும். சுற்றிலும் விரலால் அழுத்திவிடுக.

6. ஒருமுறை நன்றாக நீர் ஊற்றி, இலையுள்ள போத்துகளை ஒளி புகும் பாலிதீன் பையால் மூடி நிழலில் வைத்திடுக. தினமும் சற்று நேரம் பையைத் திறந்து காற்றுவிடுக. முருங்கை, கிளுவை ஆகியவற்றுக்கு மூடாக்கு ஆகாது.

7. பிறகு மேல்மண் உலரும்போது மட்டும் தெளித்தால் போதும். மண்ணைப் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும். பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது.

சாயப்பட்டறை நடத்தும் அங்கத்தினர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூலை அலசிய நீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனமாகத் தோன்றலாம். அந்நீரில் உப்பும் சோடாவும் கரைந்துள்ளன. உப்பு நீரில் குச்சி நீரை உறிஞ்ச இயலாது, உள்ளதையும் இழக்கும்.

துளிர் கண்டு ஏமாறுதல்

நட்ட பத்தாம் நாள் செம்பருத்திக் குச்சியில் பச்சைத் துளிர் தோன்றும். வீட்டார் மகிழ்ந்து அதை வெயிலில் வைப்பார்கள். அல்லது வேறிடம் பெயர்த்து நடுவார்கள். இரண்டு வாரத்தில் துளிர் கருகும். இதற்குக் காரணம் எளிது. துளிர் வந்தது கையிருப்பிலிருந்து, வேரிலிருந்து வந்ததன்று. சேமிப்பை எடுத்துச் செலவிடுவதைக் கண்டு வருமானம் வந்துவிட்டது என்று கருதுவதற்கு இது ஒப்பாகும். துளிர் வந்தபின்னும் மூன்று நான்கு வாரங்கள் பொறுத்து, இரண்டாம் மூன்றாம் இலைகள் விரிந்து தண்டு நீளத் தொடங்கியபின் மெல்ல வெயில் காட்டுவதே பாதுகாப்பு.

வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்ப்பதும் பெருந்தவறு. புதுவேர் நூலினும் மெல்லியது. ஒருமுறை அசைத்தால் அறும். பழைய இலை உதிர்வதைக் கண்டு குச்சி செத்தது என்று எறிந்துவிடவும் வேண்டாம். நகத்தால் பட்டையைச் சிறிது சுரண்டுக. உள்ளே பசுமை இருக்கும் வரை உயிர் இருக்கிறது.

குச்சியோடு வரும் பகை

போத்து தாயின் உடல் என்றோம். தாயின் உடலில் ஒட்டியிருக்கும் பூச்சியும், உள்ளே ஓடும் நோயும் அதனோடு வரும். மரவள்ளியின் தேமல் நோய் வெள்ளை ஈயாலும் பரவுகிறது, குச்சியாலும் பரவுகிறது. ஈ ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குப் போகும். குச்சிக்கட்டு, லாரி ஏறி அடுத்த ஜில்லாவுக்கே போகும்.

2008-ஆம் ஆண்டு பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கோயம்புத்தூரில் காணப்பட்டது. மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட அப்பூச்சிக்கு இங்கே இயற்கைப் பகை எதுவும் இருக்கவில்லை. பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, வாசற்செம்பருத்தி என எதையும் விட்டுவைக்கவில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளில் மல்பெரித் தோட்டங்கள் வெண்மை பூத்துச் சுருண்டன. இலை இல்லையேல் புழு இல்லை. புழு இல்லையேல் கூடு இல்லை. கூடு இல்லையேல் பட்டுநூல் இல்லை. உழவர் வயலில் தோன்றிய பூச்சி நெசவாளர் தறி வரைக்கும் வரக்கூடியது என்பதை அன்று கண்டோம். 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து அப்பூச்சியின் உடலில் முட்டையிட்டு அழிக்கும் சிறு குளவிகளைத் தருவித்துப் பெருக்கி வெளியிட்ட பின்னரே அது அடங்கியது.

மரவள்ளியைத் தாக்கும் மற்றொரு மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் காணப்பட்டுத் தமிழ்நாட்டுக்கும் பரவியது. அதற்கும் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவி தருவித்து, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வெளியிட்டார்கள்.

இதை எழுதும் நானும் குற்றமற்றவன் அல்லேன். 2009-இல் என் மைத்துனர் வீட்டு வாசலுக்கென்று மூன்று செம்பருத்திக் குச்சிகளை ஈரத்துணியில் சுற்றிப் பேருந்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இலைக்காம்பின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ இருந்தது. தூசி என்று எண்ணினேன். சில மாதங்களில் அந்தச் செம்பருத்தி வெளுத்தது. பிறகு அவருடைய மல்பெரியும் வெளுத்தது. இரண்டு ஏக்கரையும் உழுதுவிட்டுச் சோளம் போட்டார். அப்பூச்சி அக்காலத்தில் எங்கும் பரவிக்கொண்டிருந்தது. என் குச்சிதான் காரணம் என்று அறுதியிட்டுக் கூற முடியாது. இல்லை என்றும் கூற முடியாது. மைத்துனர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று முதல் பூதக்கண்ணாடி இல்லாமல் நான் யாருக்கும் குச்சி கொடுப்பதில்லை.

ஆகவே குச்சி வாங்கும்போது இலையின் அடிப்புறத்தையும், காம்பின் இடுக்கையும், பட்டை வெடிப்பையும் கூர்ந்து நோக்குக. பஞ்சு போன்ற வெண்மையோ, தேமலோ, சுருளோ இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுக. தாய்ச்செடியில் எறும்பு சாரை சாரையாக ஏறுகிறதா என்று பார்க்கவும். மாவுப்பூச்சி கழிக்கும் தேன் போன்ற நீருக்காகவே எறும்பு ஏறுவதுண்டு. நன்றாகத் தோன்றும் குச்சியையும் மென்மையான சோப்பு நீரில் அலசி, நல்ல நீரில் கழுவிய பின்னரே நடுக. நட்டதை மூன்று வாரமேனும் பிற செடிகளிலிருந்து விலக்கி வைத்திடுக. பழுதுபட்டதைக் குப்பைக் குழியில் போடாமல் எரித்துவிடுக.

சங்கம் செய்யக்கூடியது

அண்டை வீட்டாரிடம் ஒரு குச்சி கேட்பதும், கேட்டவருக்கு இரண்டாகக் கொடுப்பதும் நம் ஊர்களின் பழைய வழக்கம். பணம் கைமாறாத இக்கொடுக்கல் வாங்கல், சங்கங்கள் தோன்றுவதற்கு முன்பே இருந்த கூட்டுறவு. நோய்க்கு அஞ்சி அதை நிறுத்திவிட வேண்டியதில்லை, ஒழுங்குபடுத்தினால் போதும்.

ஒவ்வொரு சங்கமும் தன் கட்டிடத்தின் பின்புறம் ஒரு சிறு தாய்ச்செடிப் பாத்தி வைக்கலாம். பூச்செடிகள் சில, மருதாணி, கற்பூரவல்லி, முருங்கை, நல்ல மல்பெரி ஆகியவை போதும். ஒவ்வோர் இனத்திலும் ஒரு தாயோடு நில்லாமல், வெவ்வேறு இடத்திலிருந்து தெரிந்தெடுத்த இரண்டு மூன்று தாய்களை வைத்தல் நலம். ஒன்றைத் தாக்கும் நோய் மற்றதை விட்டுவைக்கக்கூடும். அங்கத்தினர் இருவர் மாதம் ஒருமுறை அப்பாத்தியைச் சோதித்து ஒரு நோட்டில் குறித்து வரட்டும். எந்தத் தாயிலிருந்து யாருக்கு எத்தனை குச்சி சென்றது என்பதும் அதில் இருக்கட்டும். ஒரு வீட்டில் நோய் கண்டால், அதே தாயின் குச்சி வேறு எந்த வீடுகளுக்குச் சென்றது என்பதை அன்றே அறிந்து எச்சரிக்கலாம்.

நூலில் கழிவு இருந்தால் நெசவாளர் வாங்கமாட்டார். விதை மஞ்சளில் அழுகல் இருந்தால் உழவர் நடமாட்டார். கையளவுக் குச்சி இலவசமாக வருவதால் மட்டும் அதைப் பாராமல் ஏற்கிறோம். வரும் ஐப்பசியில் ஒரு குச்சி நட நினைக்கும் ஒவ்வோர் அங்கத்தினரும், வெட்டுவதற்கு முன் தாய்ச்செடியை ஒருமுறை சுற்றி வந்து பார்க்க வேண்டுகிறோம்.